காட்டுத்தீக்குப் பிறகு என்ன ஆகும்? வாசகர் கேள்விகள்

கேள்வி: மார்ச் மாதம் முதுமலை வழியாகப் போனோம். சாலையோரம் முழுக்கக் கருகிக் கிடந்தது. அந்தக் காடு மீளுமா?

பதில்: பெரும்பாலும் மீளும். அங்கே இலையுதிர் காடுகளில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் எரிவது தரைத்தீ. காய்ந்த புல்லையும் சருகையும் தின்றுவிட்டு நகர்ந்துவிடும். மரம் பிழைக்குமா என்பதைப் பட்டையைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு, சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் செத்துவிடும். கருமருது மரத்தின் பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டங்கட்டமாக வெடித்துத் தடித்திருக்கும். சூடு உள்ளே இறங்குவதற்குள் தீ கடந்து போய்விடும். பட்டை இரண்டு மடங்கு தடித்தால் மரம் தாங்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. சுண்டுவிரல் பருமனுள்ள கன்றுகள் தரைக்கு மேல் கருகிவிடும். ஆனால் பலவற்றில் அடித்தூரை நகத்தால் கீறினால் பச்சை தெரியும். அவை மழை வந்ததும் துளிர்த்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் தீ நல்லதுதானே?

பதில்: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று முதலில் கேளுங்கள். துளிர்த்த கன்று தடித்த பட்டை போடுவதற்குள் அடுத்த தீ வந்தால், மறுபடி அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இப்படியே போனால் பெரிய மரங்கள் நிற்கும், அவற்றின் இடத்துக்கு வர இளமரம் இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு நன்றாகவே தெரியும். எனக்குப் பெரிய கவலை இதுதான். இந்திய அறிவியல் நிறுவனம் முதுமலையில் 50 ஹெக்டேர் நிலத்தை ஒதுக்கி, 1988 முதல் மரம் மரமாக அளந்து வருகிறது. காடு இனி எப்படி மாறும் என்று கணிக்க இப்படிப்பட்ட நீண்ட பதிவேடுதான் அடிப்படை.

கேள்வி: உண்ணிச்செடியை (லந்தானா புதரை) எரித்து ஒழிக்க முடியுமா?

பதில்: முடியாது. கருகிய தூரிலிருந்தே திரும்ப வரும். போதாததற்கு, மரத்தில் படர்ந்த காய்ந்த புதர் தரைத்தீயைக் கிளைக்கு ஏற்றிவிடும். வேரோடு எடுப்பதுதான் வழி.

கேள்வி: சோலைக்காடு?

பதில்: உயர்ந்த மலைகளில் புல்வெளிகளுக்கு நடுவே, பள்ளங்களில் வளரும் பசுமைமாறாக் காடு அது. அதன் கதையே வேறு. சோலை மரங்களுக்கு ஈரம்தான் காவல். புல்வெளித்தீ பெரும்பாலும் சோலையின் விளிம்பில் அணைந்துவிடும். கடும் வறட்சியில் உள்ளே புகுந்துவிட்டால், அந்த மரங்கள் திரும்பி வர மிக நீண்ட காலம் பிடிக்கும்.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தை வைத்தே சேதத்தைச் சொல்லிவிடலாமா?

பதில்: எங்கே எரிந்தது என்று சொல்லலாம். தீ எச்சரிக்கைக்குப் பயன்படும் விஐஐஆர்எஸ் கருவியில் படத்தின் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். அதற்குள் எந்த மரம் செத்தது, எது தாங்கியது என்பது தெரியாது. அதற்கு ஒரு பருவமழை முடியும்வரை பொறுத்து, நடந்து போய்த்தான் எண்ண வேண்டும்.