ஆட்ட நாளும் அயல் வீடும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

சென்ற மாதம் உதைபந்தாட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கோல் விழுந்த கணத்தில் முன்பின் தெரியாத ஒரு முதியவர் உங்களைக் கட்டிப்பிடித்து அழுததைச் சொல்லியிருந்த இடம் அழகாக இருந்தது. ஆனால் வாசித்து முடித்தபோது எனக்குக் கோபமும் வந்தது. நான் பதினான்கு ஆண்டுகளாக இலண்டனில் வெம்பிளி உதைபந்தாட்ட அரங்கத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வசிக்கிறேன்.

எங்கள் வீட்டு முன் மதிலோரம் இரண்டு தொட்டிகளில் கறிவேப்பிலையும் மல்லிகையும் வைத்திருக்கிறேன். குளிர் தொடங்கினால் உள்ளே எடுத்துவிடுவேன். ஆட்ட நாட்களில் அந்த மதிலில்தான் சிறுநீர் கழிக்கிறார்கள். போன முறை யன்னலைத் திறந்து, "தயவுசெய்து இங்கே வேண்டாம்" என்று சொன்னேன். அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, தொடங்கியதை முடித்துக்கொண்டுதான் போனார். மறுநாள் காலை வாளியும் ப்ளீச்சும் கொண்டு நான்தான் கழுவினேன். கறிவேப்பிலைத் தொட்டிக்குள் ஒரு பியர் டின் செருகியிருந்தது.

ரயிலிலும் இதே கதைதான். ஒன்பது வயது மகளுடன் வந்துகொண்டிருந்தேன். பெட்டி முழுவதும் ஒரே பாட்டு. "எல்லோரும் பாடுகிற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அம்மா?" என்று அவள் கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் பெண்கள் அணிக்கு ஆடுகிறவள். அவளிடம் என்ன சொல்வது?

என் கணவர், "இது இவர்களுடைய கலாசாரம், நாங்கள் வந்து குடியேறியவர்கள், நாலு மணித்தியாலம் பொறுத்தால் முடிந்துவிடும்" என்கிறார். மிருகங்களைப்போல நடக்கும் இந்தக் கூட்டத்தை நீங்கள் எப்படி நேசிக்கிறீர்கள்? நாங்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
அல்பேர்ட்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. என் கட்டுரை அரங்கத்துக்கு உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிந்துவிட்டது. அரங்கத்துக்குப் போகும் வழியில் வீடுகள் இருக்கின்றன, அந்த வீடுகளுக்கு மதில்கள் இருக்கின்றன என்பதை நான் எழுதாமல் விட்டது பெரிய குறை. அதற்காகவே உங்கள் கடிதத்தை முழுமையாக இங்கே தந்திருக்கிறேன்.

உங்கள் கணவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மவர்களில் மிகப் பலர் அதையே சொல்கிறார்கள். "இது இவர்களுடைய கலாசாரம்" என்பது பணிவான பேச்சாகத் தோன்றினாலும், அது இந்நாட்டு மக்களைப் பற்றிய தவறான தகவல். அடுத்தவர் மதிலில் சிறுநீர் கழிப்பதை எந்த ஆங்கிலேயரும் தம் கலாசாரம் என்று உரிமை கொண்டாடியதில்லை. உங்கள் தெருவிலுள்ள ஐரிஷ் மூதாட்டியும் குஜராத்திக் குடும்பமும் பரம்பரை பரம்பரையாக வெம்பிளியில் வாழும் ஆங்கிலேயரும் அதே வாளியோடுதான் மறுநாள் காலை வெளியே வருகிறார்கள். உதைபந்தாட்டக் கூட்டத்தின் கெட்ட பழக்கங்களை எதிர்த்து மிக நீண்ட காலமாக முறைப்பாடு செய்து, சண்டையிட்டு, சட்டம் கொண்டுவந்து மாற்றியவர்களும் இந்நாட்டவர்களே.

ஆட்டம் பார்க்கும் இருக்கையில் இருந்தபடி மது அருந்துவதை 1985ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. ஆட்டத்துக்கென்று ஒழுங்குசெய்த பேருந்துகளிலும் ரயில்களிலும் மது கொண்டுபோவதையும் அது தடுத்தது. 1988இல் கூடிசன் பார்க் மைதானத்தில் லிவர்பூலின் கறுப்பின வீரர் ஜோன் பார்ன்ஸை நோக்கி வாழைப்பழம் வீசப்பட்டது. அவர் அதைக் குதிகாலால் தட்டிவிட்டார். அன்று அதை வேடிக்கையென்று சொன்னவர்கள் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 1991ஆம் ஆண்டுச் சட்டம், மைதானத்துக்குள் இனவெறிக் கோஷமிடுவதையும் பொருட்களை வீசுவதையும் குற்றமாக்கியது. அதே சட்டம் ஆபாசமான கோஷத்தையும் குற்றமென்கிறது. உங்கள் மகள் அர்த்தம் கேட்ட அந்தச் சொல்லைக் கூட்டமாகப் பாடுவது, சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால், அரங்கத்துக்குள்ளேயே அனுமதிக்கப்பட்டதல்ல. ரயிலில் அதைக் கேட்டுச் சகிக்கும் கடமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? இலண்டனின் நிலக்கீழ் ரயில்களில் மது அருந்துவது 2008 ஜூன் முதலாம் திகதியிலிருந்தே தடைசெய்யப்பட்டிருக்கிறது. முறைப்பாடு செய்யும்போது நீங்கள் இந்நாட்டு வழக்கத்துக்கு எதிராகப் போகவில்லை. அதன் மிக நல்ல வழக்கம் ஒன்றில் சேர்ந்துகொள்கிறீர்கள்.

ஆட்டமே மனிதரை இப்படி ஆக்குகிறது என்றும் எண்ண வேண்டாம். உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. 2021 ஜூலை 11 அன்று ஆண்கள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வெம்பிளியில் நடந்தபோது நீங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்திருப்பீர்கள். காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஏறத்தாழ 2,000 பேர் நுழைவுச்சீட்டு இல்லாமல் உள்ளே புகுந்தார்கள் என்று பின்னர் லூயிஸ் கேசி அம்மையாரின் விசாரணை அறிக்கை சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்கான வாயில்களும் அவசரகாலக் கதவுகளும் 17 தடவை கூட்டமாக உடைத்துக் கடக்கப்பட்டன. சக்கர நாற்காலியில் வருபவருக்காகத் திறக்கும் கதவைக் குறிவைத்துக் காத்திருந்ததை எண்ணும்போது, உதைபந்தாட்டத்தை உயிராக நேசிக்கும் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. அன்று அரங்கில் கணக்குப்படி இருந்தவர்கள் 67,173 பேர். ஓராண்டு கழித்து, 2022 ஜூலை 31 அன்று, அதே அரங்கில், அதே இங்கிலாந்துக் கொடியோடு, பெண்கள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு 87,192 பேர் வந்தார்கள். இங்கிலாந்து ஜேர்மனியை 2-1 என்று வென்றது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மக்கள் பாடியபடி வந்து பாடியபடி திரும்பினார்கள். கூட்டம் கூடியிருந்தது, கூச்சலும் குறையவில்லை, ஆனால் உடைக்கப்பட்ட கதவு எதையும் பற்றி நாம் கேள்விப்படவில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். "மிருகங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாளியோடு நின்ற ஒருவர் அப்படி எழுதியதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அந்தச் சொல்லுக்கு இந்நாட்டில் கொடிய ஒரு வரலாறு உண்டு. எண்பதுகளில் உதைபந்தாட்ட இரசிகர் என்றாலே மிருகம் என்ற எண்ணம் அரசிடமும் பொலிஸிடமும் பத்திரிகைகளிடமும் ஊறியிருந்தது. மிருகம் என்று முடிவுசெய்தபின் கூண்டு கட்டுவது எளிது. நின்று பார்க்கும் மேடைகளைச் சுற்றி உயரமான கம்பிவேலிகள் எழுந்தன. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூலும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட்டும் ஆடிய அரையிறுதியின்போது, ஏற்கெனவே நிறைந்திருந்த கூண்டுகளுக்குள் மேலும் மக்கள் அனுப்பப்பட்டு, வேலியோடு நசுங்கி, இன்றைய கணக்கின்படி 97 பேர் மாண்டார்கள். வாயிலைத் திறக்கும்படி உத்தரவிட்டது பொலிஸ். இரசிகர்கள்தாம் உடைத்து நுழைந்தார்கள் என்று பொய் சொன்னதும் பொலிஸ். குடிகாரக் கூட்டம் தன்னைத்தானே கொன்றுகொண்டது என்ற கதையை நாடு நம்பியது. உதைபந்தாட்டக் கூட்டத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவதற்கு அது ஆயத்தமாக இருந்தது. இரசிகர்களின் நடத்தை அந்தச் சாவுகளுக்குக் காரணமல்ல, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பைப் பெற, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார் 2016 வரை, இருபத்தேழு ஆண்டுகள், போராட வேண்டியிருந்தது. அதனால்தான் மன்றாடிக் கேட்கிறேன்: உங்கள் மதிலில் நின்ற மனிதரின் செயலை எவ்வளவு கடுமையாகவும் கண்டியுங்கள், நீலச் சட்டையோ சிவப்புச் சட்டையோ அணிந்த எல்லோரையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடாதீர்கள். நாமும் நம் பிறந்த நாட்டில் கூட்டமாக ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டவர்கள்.

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் வெளியிட்ட இறுதி அறிக்கையால்தான் பெரிய அரங்கங்களில் எல்லோருக்கும் இருக்கை வந்தது, வேலிகள் அகன்றன. அந்த அறிக்கையில் மலசலகூடங்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. மைதானங்களின் கழிப்பிடங்கள் போதாமலும் அசுத்தமாகவும் இருப்பது நடத்தையின் தரத்தையே நேரடியாகத் தாழ்த்துகிறது என்றும், வேறெங்கும் அப்படிச் செய்யாத ஆண்கள் ஆட்டத்துக்கு வந்தால் சுவரோரம் சிறுநீர் கழிக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். அத்தனை உயிர்கள் பறிபோனதைப் பற்றிய விசாரணையில் ஒரு நீதிபதி இதை எழுத இடம் ஒதுக்கினார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். மனிதரை எப்படி நடத்துகிறோம், அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்ற இரண்டையும் அவர் ஒரே கயிறாகப் பார்த்தார்.

அரங்கங்களுக்கு உள்ளே அந்த நிலை இன்று வெகுவாக மாறிவிட்டது. உங்கள் தெருவோ அரங்கத்துக்கு வெளியே இருக்கிறது. இருக்கையில் குடிக்க முடியாது என்பதால் பலர் வரும் வழியிலேயே அவசர அவசரமாகக் குடித்துவிட்டு வருகிறார்கள். அரங்கம் 90,000 பேர் கொள்ளும். நிலையத்துக்கும் அரங்கத்துக்கும் இடையில் அவ்வளவு பேருக்கு எத்தனை கழிப்பிடங்கள் இருக்கின்றன என்று நீங்களே ஒரு நாள் நடந்து எண்ணிப் பாருங்கள். ரக்பி இரசிகர்கள் கண்ணியமானவர்கள் என்று அடிக்கடி சொல்வார்கள். ரக்பி ஆடப்படும், 82,000 பேர் கொள்ளும் ட்விக்கன்ஹாம் அரங்கத்தைச் சுற்றி வாழ்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய முன்வளவுகளும் இதே துர்நாற்றத்தை அறிந்தவை. இதனால் அந்த மனிதரின் குற்றம் குறைந்துவிடாது. நீங்கள் கெஞ்சிக் கேட்டபிறகும் தொடர்ந்து நின்றாரே, அதற்கு எந்தக் கழிப்பிடப் பற்றாக்குறையும் சமாதானமாகாது. ஆனால் உங்கள் முறைப்பாடு அவரோடு நின்றுவிடாமல், டிக்கெட் விற்பவர்களுக்கும் நகரசபைக்கும் போக வேண்டும் என்பதற்கு இது காரணம்.

கேட்டால் கேட்பவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை வெம்பிளி பார்க் நிலையத்தில் ஜூபிலி ரயில் ஏறினேன். பெட்டியில் கால் வைக்க இடமில்லை. நீங்கள் சொன்ன அதே விதமான பாட்டு. சிலர் கூரையைக் கையால் அறைந்து தாளம் போட்டார்கள். கதவோரம் ஓர் இளம் தாய் குழந்தை வண்டியின் முகப்பைத் தன் கோட்டால் மூடிக்கொண்டு நின்றாள். அறுபது வயது மதிக்கத்தக்க, அணிச் சட்டை வயிற்றில் இறுகியிருந்த ஒரு பெரிய மனிதர், பாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான், வண்டியைக் கண்டதும் நிறுத்தினார். பக்கத்திலிருந்த இளைஞனின் பிடரியில் மெல்லத் தட்டி, "குழந்தை இருக்குது" என்றார். அந்தச் செய்தி பெட்டியின் மறுமுனைவரை வாயிலிருந்து வாய்க்குப் போனதை நான் பார்த்தேன். இரண்டு நிலையங்களுக்கு அமைதி. மூன்றாவது நிலையத்தில் வேறொரு கூட்டம் ஏறியது. பாட்டு மறுபடி தொடங்கியது. பெரியவர் மறுபடி கையை உயர்த்தினார், இம்முறை யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டாள். அது அவள் இறங்க வேண்டிய இடமா என்பது எனக்குத் தெரியாது.

நான் நேசிப்பது அந்தப் பெரியவரின் உதைபந்தாட்டத்தை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் மைதானத்துக்கு வேலியே எல்லை. பந்து பக்கத்து வளவுக்குள் விழுந்தால், இறுதியாட்டமாக இருந்தாலும், படலையில் நின்று "ஆச்சி, பந்து எடுக்கலாமோ?" என்று கேட்டபிறகே உள்ளே போவோம். கத்தரிக் கன்று முறிந்திருந்தால் மறுநாள் கழகச் செயலாளரே கன்றோடு போய் நிற்பார். அந்த ஒழுங்கை எங்களுக்குச் சொல்லித் தந்தது கழகம்தான்.

நம்மைப் பற்றியும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மேற்கு இலண்டனில் ஒரு கோவிலின் தேர் நாளன்று, ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தன் வீட்டு வாகன வழியை மறித்து நின்ற காரின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைக் கண்டேன். அவருடைய மனைவியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கார்க்காரரைத் தேடிப் பிடித்தபோது அவர் சொன்னார், "வருஷத்துக்கு ஒருநாள்தானே, பொறுக்கக் கூடாதோ?" உங்கள் கணவர் சொன்ன நாலு மணித்தியாலத்தின் மறுபக்கம் இது. கூட்டத்தில் நிற்பவருக்கு அது ஒருநாள் மட்டுமே. வீட்டில் இருப்பவருக்கோ தன் மனைவியின் நெஞ்சு வலி.

உங்கள் மகள் கேட்ட சொல்லுக்கு அர்த்தத்தைச் சொல்லிவிடுங்கள். ஒன்பது வயதில் தாயிடம் கேட்டு அறிவது, பதினொரு வயதில் வேறு யாரிடமோ அறிவதைவிட நல்லது. பிறகு அவளை வெம்பிளியில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தன் வீட்டருகே உள்ள அந்த அரங்கம் தனக்கும் உரியது என்பதை அவள் உள்ளே இருந்து அறியட்டும்.

இனிச் செய்ய வேண்டியது. ரயிலில் நடப்பதை அந்த இடத்திலிருந்தே 61016 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். அது ரயில்வே பொலிஸின் இலக்கம், நீங்கள் அனுப்புவது பெட்டியில் உள்ள யாருக்கும் தெரியப் போவதில்லை. ரயிலின் வழித்தடம், அடுத்த நிலையம், எத்தனையாவது பெட்டி ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். தெருவில் நடப்பதை அடுத்த மூன்று ஆட்ட நாட்களுக்குத் திகதி, நேரம், இடம் என்று ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். மதிலின் படத்தையும் எடுங்கள், மனிதரின் முகம் வேண்டாம். உங்கள் தெருவில் பத்து வீட்டாரிடமாவது கையொப்பம் வாங்கி, நகரசபைக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் அரங்க நிர்வாகத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். தண்டனையைக் கேட்பதோடு, நிலையத்திலிருந்து வரும் வழியில் தற்காலிகக் கழிப்பிடங்களையும், ஆட்டம் முடிந்த அன்றிரவே தெருவைக் கழுவ ஆட்களையும் கேளுங்கள். முதல் கையொப்பத்தை உங்கள் கணவரிடம் வாங்குங்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுத உதவி தேவையென்றால் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள், இருவருமாக எழுதுவோம்.