வெள்ளி சால்டர்: 24ஆ, 40ஆ, 55ஆ?

கேள்வி: செம்பில் ஒரு குட்டி நீராவி பாய்லர் செய்கிறேன். பாகங்களை இணைக்க வெள்ளி சால்டர் (உருக்கி ஒட்டும் வெள்ளிக் கலவை உலோகம்) வாங்கலாம் என்று பார்த்தால் 24, 40, 55 சதவீதம் என்று அடுக்குகிறார்கள், வெள்ளி ஏற ஏற விலையும் ஏறுகிறது. எதை வாங்குவது? இரண்டாவது இணைப்பைச் சூடாக்கும்போது முதலாவது விட்டுப்போகாதா?

பதில்: ஒன்றே ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் யோசிக்காமல் 55 வாங்குங்கள். வெள்ளி அதிகமானால் இணைப்புக்கு வலு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, அந்தக் கூடுதல் காசு குறைந்த சூட்டில் உருகுவதற்குத்தான். 55 சதவீத சால்டர் 630 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 660க்குள் தண்ணீராகிவிடும். 24க்கு 740இலிருந்து 800 வரை போக வேண்டும், செம்போ கொடுக்கிற சூட்டையெல்லாம் உடம்பு முழுக்கப் பரப்பிக்கொண்டே இருக்கும், சின்ன தீ டார்ச்சை வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேருவதற்குள் பிளக்ஸ் (சூட்டில் செம்பு கறுக்காமல் காக்கும் பூச்சு) செத்துவிடும்.

முதல் இணைப்பு விட்டுப்போகும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் உள் இணைப்புகளை 24இல் முடித்துவிட்டு, கடைசி இணைப்புகளுக்கு 55 போடுவார்கள், நடுவில் 80 டிகிரி இடைவெளி கிடைக்கும். முதலில் 40, அப்புறம் 55 என்று போனால் பிரயோஜனமில்லை. 40 இளகத் தொடங்குவதே 650இல், 55 முழுசாக ஓடுவதற்கு முன்னாலேயே அது ஆட ஆரம்பித்துவிடும். ஆனால் 40 உருகி முடிய 710 ஆகும், அதுவரை கூழ் மாதிரி நிற்பதால் கொஞ்சம் அகலமான இடுக்கை அடைக்க நல்லது. 55க்கு 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் இடுக்கு போதும். பாகங்களை அடித்து இறுக்கி ஏற்றிவிட்டால் சால்டர் நுழைய வழியே இருக்காது, சென்டர் பஞ்சால் (கூர்முனைக் குத்தூசி) நாலைந்து புள்ளி குத்தினால் அந்த மேடுகளே இடம் விட்டுவிடும்.

பிளக்ஸ் என்று வெண்காரத்தை மட்டும் தடவாதீர்கள். அது உருகவே 740 டிகிரிக்கு மேல் வேண்டும், 55 சால்டர் அதற்குள் ஓடி முடித்திருக்கும். ஃபுளூரைடு கலந்த பிளக்ஸ் வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சூடேறும்போது பிளக்ஸ் முதலில் வெள்ளையாகப் பொங்கும், பிறகு கண்ணாடி மாதிரி தெளியும், செம்பும் மங்கலாகச் சிவக்கும். அப்போது சால்டர் கம்பியை இணைப்பில் தொட்டால் இணைப்பைச் சுற்றி ஒரு வெள்ளிக் கோடு ஓடும், பார்க்க அவ்வளவு அழகு. தீயைக் கம்பியின் மேல் காட்டக் கூடாது. நான் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன், குண்டு குண்டாக உருண்டு கீழே விழுந்ததைப் பொறுக்கி எடுத்ததுதான் மிச்சம்.

யாராவது பழைய சரக்கு என்று காட்மியம் கலந்த கம்பியைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 610 டிகிரியிலேயே அருமையாக ஓடும், உண்மைதான், ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு விஷம். ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது.

அப்புறம், 4 சதவீத வெள்ளி, மீதி வெள்ளீயம் என்று ஒன்றையும் வெள்ளி சால்டர் என்ற இதே பெயரில் விற்பார்கள். அது 221 டிகிரியில் உருகிவிடும், பாய்லர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.