நின்ற நேரத்துக்குக் கூலி

வணக்கம் அண்ணை,

மரக்கறி விலை பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதை வாசித்தேன். "தோட்டத்தில் மலிவு, கொழும்பில் விலை, இடையில் லொறிக்கூலி தின்றுவிடுகிறது" என்று அதில் ஒரு வரி. அது எனக்குக் குத்தியது. நான் கனடாவில், பிரம்டனில் இருந்து பெரிய ட்ரக் ஓடுகிறேன், பதினொரு வருசம். கொடிகாமத்தில் இருக்கிற என் மச்சானும் லொறி றைவர்தான். அந்த லொறிக்கூலியில் றைவரின் கைக்கு எவ்வளவு வருகிறது என்று விசாரித்துப் பார்த்தீர்களா?

இங்கே எனக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். களஞ்சிய வாசலில் நாலு மணித்தியாலம் நின்றால் ஒன்றுமில்லை. பனிப்புயலில் வீதியை மூடினாலும் ஒன்றுமில்லை. மத்திய சட்டப்படி மற்றவர்களுக்கு வாரம் 40 மணித்தியாலத்துக்குப் பிறகு மேலதிக நேரக் காசு, நெடுந்தூர றைவருக்கு 60-க்குப் பிறகுதான். முந்தி வேலை செய்த இடத்தில் என் பெயரிலேயே ஒரு கொம்பனி பதியச் சொன்னார்கள். பதிந்தேன். அதோடு நான் அவர்களுடைய தொழிலாளி இல்லை என்றாகி, அந்த மேலதிக நேரமும் போயிற்று, விடுமுறைக் காசும் போயிற்று. ஊரில் எல்லாரும் கனடாவில் ட்ரக் ஓடினால் நல்ல காசு என்கிறார்கள். காசு வருகிறது, பொய் சொல்லவில்லை. அது நியாயமான சம்பளமா? மச்சானுக்குக் கிடைப்பது நியாயமா?

பெயர் போட வேண்டாம் அண்ணை.

---

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டு பேருக்கும் நியாயமான சம்பளம் கிடைக்கவில்லை. நான் எழுதிய வரியும் பிழை. டீசல், ரயர், லீசிங் காசு, றைவரின் உழைப்பு எல்லாவற்றையும் லொறிக்கூலி என்ற ஒரே மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டேன். எழுதுவதற்கு முன் விசாரித்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த பிறகு, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு றைவரோடு தம்புள்ளைக்குப் போய் வந்தேன். இருபத்திரண்டு வருசமாக லொறி ஓட்டுகிறவர். அவர் சொன்னதைவிட, போகும் வழியில் பார்த்தது எனக்கு அதிகம் விளங்கியது. அதனால் அதையே எழுதுகிறேன்.

பகல் 2 மணிக்குச் சுன்னாகத்தில் லொறியை விட்டார். பீற்றூட் வந்துவிட்டது, வெங்காயம் வரவில்லை. வெங்காயம் வந்தபோது தராசுக்காரர் சாப்பிடப் போய்விட்டார். ஏற்றி முடித்துப் படங்கு போட்டுக் கயிறு இழுத்துக் கட்டும்போது மாலை 6.30. கிளீனர் இல்லை. வைத்தால் அவருக்கும் தன் காசில்தான் கொடுக்க வேண்டும் என்பதால் தனியாகவே மேலே ஏறி, கீழே இறங்கி, ஒவ்வொரு கொளுக்கியாக இழுத்துக் கட்டினார். உள்ளங்கையின் குறுக்கே கயிறு அறுத்த தழும்பு, விரல் போட்டுப் பார்க்கலாம் போல ஆழமாக இருக்கிறது.

முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார். அங்கே எல்லாரும் நிறுத்துவார்கள்தானே, உங்களுக்குத் தெரியும். கச்சான் கடலை இரண்டு பை வாங்கினார். எனக்கும் சேர்த்து வாங்குகிறார் என்று கையை நீட்டினேன். "இது திரும்பி வரேக்க அண்ணை" என்று சீற்றுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு, அதுதான் அங்குள்ள மொத்த மரக்கறிச் சந்தைக்கு, இரவு 1 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்துதான் உங்கள் கேள்விக்கான பதில் தொடங்குகிறது. வரிசையில் லொறி நின்றது. அவர் கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை ஸ்டேரிங் மேலே போட்டுக் கண்ணை மூடினார். பத்து நிமிசத்தில் பின்னால் ஹோர்ன். எழும்பி, ஸ்டார்ட் பண்ணி, ஒரு லொறி நீளம் முன்னால் போய், திரும்பவும் காலைப் போட்டார். விடியும்வரை இப்படித்தான். நானும் நித்திரை கொள்ளவில்லை, ஆனால் எனக்குக் காலையில் வேலை இல்லை. இறங்கி எங்காவது போய்ப் படுக்கவும் அவரால் முடியாது, மூட்டை குறைந்தால் அவர் கணக்கில் கழிப்பார்கள். இரவு முழுக்கக் காவலுக்கு ஒரு ஆளை வைத்தால் நாங்கள் சம்பளம் கொடுக்கிறோம். இவருக்கு அது ஓய்வு நேரம் என்று கணக்கு.

சரக்கு இறங்க அடுத்த நாள் காலை 10.30. திரும்பி வருவதற்கு லோட் கிடைத்து ஏற்றி முடிய மாலை 5.30. வீடு வர நள்ளிரவு. கனகராயன்குளத்துக்கு அண்மையில் நடுவீதியில் மாடுகள் படுத்திருந்தன. லைற் வெளிச்சத்தில் அவற்றின் கண்கள்தான் முதலில் தெரிந்தன. அந்த நேரத்தில்தான் அவர் கச்சான் பையைத் திறந்தார். ஒவ்வொன்றாக உடைத்து, ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தார். நித்திரை வராமல் இருப்பதற்கு அவருடைய மருந்து அது.

மொத்தம் 34 மணித்தியாலம். அதில் சில்லு உருண்டது 13. மிச்சம் 21 மணித்தியாலம் ஏற்றுவது, கட்டுவது, நிற்பது, காப்பது. அவருக்கு ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். தொகையை எழுத வேண்டாம் என்றார், முதலாளி வாசித்தால் வில்லங்கம் என்று. எழுதவில்லை. ஆனால் 13 ஆல் பிரித்துப் பார்த்தேன், நல்ல சம்பளம். 34 ஆல் பிரித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு மதில் கட்ட மேசனுக்குக் கைஉதவியாக வந்த பொடியன் மணித்தியாலத்துக்கு அதைவிடக் கூட வாங்கினான்.

நீங்கள் களஞ்சிய வாசலில் நிற்கிற நாலு மணித்தியாலமும் இதுவும் ஒன்றுதான். உங்களுக்கு மைல், அவருக்கு ஓட்டம். இரண்டிலும் தூரத்துக்குத்தான் கூலி, நேரத்துக்கு இல்லை. நேரம் இலவசமாகக் கிடைக்கிறபடியால் வியாபாரிக்கு அவசரமில்லை. ஒரு லொறியை ஐந்து மணித்தியாலம் வாசலில் நிறுத்தி வைத்தாலும் அவருக்கு ஒரு சதம் நட்டமில்லை. கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கொள்கலனை உரிய நாளுக்குள் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் அறவிடுகிறார்கள். எடுக்காமல் விட்டவர்தான் கட்ட வேண்டும். இரும்புப் பெட்டிக்கு இருக்கிற அந்த ஒழுங்கு றைவருக்கு இல்லை.

எங்களிடம் இந்தப் பழக்கம் இவ்வளவு ஊறிப்போனதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். சமாதான காலத்தில் 2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதி திறந்தபோது முகமாலைச் சோதனைச் சாவடியிலும் ஓமந்தைச் சாவடியிலும் நின்றோம். 2006 ஆகஸ்டில் பாதை திரும்ப மூடியது. போர் முடிந்த பிறகும் ஓமந்தைச் சாவடி 2015 வரை இருந்தது. அந்தக் காலத்தில் காத்து நிற்பதற்குச் சம்பளம் கேட்கிற எண்ணமே யாருக்கும் வரவில்லை, போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தோம். சாவடிகள் போய்விட்டன, கேட்காத பழக்கம் மட்டும் போகவில்லை. 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும் அப்படித்தான். அந்த வருசத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460 ஆனது. ஓட்டக்கூலியை முதலாளிமார் ஏற்றினார்கள், ஏற்றாமல் அவர்களாலும் முடியாது. வரிசையில் படுத்துக் கிடந்த நாட்களுக்கு எங்கள் ஒழுங்கைக்காரருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

முதலாளியை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. இங்கே பலர் ஒரே ஒரு லொறியை லீசிங்கில் எடுத்து, மாதா மாதம் கட்டிக்கொண்டு, திரும்பி வர லோட் கிடைக்காவிட்டால் வெறும் லொறியாக வருகிறவர்கள். சிலர் தாங்களே ஓட்டுகிறார்கள். ஆனால் ஒரு விசயத்தில் அவர்களுக்குச் சாட்டு இல்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது. தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12, அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3. மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் உரியதல்ல அது, துண்டுக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் கட்ட வேண்டும். இருபத்திரண்டு வருசம் ஓட்டிய மனிதருக்கு அந்த நிதியில் ஒரு ரூபாகூட இல்லை. "நீர் ஓட்டத்துக்கு ஓட்டம் காசு வாங்குறனீர், சம்பளக்காரன் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் நம்பியும்விட்டார். உங்கள் பெயரில் கொம்பனி பதியச் சொன்னவர்கள் அதையேதான் கடதாசியில் செய்திருக்கிறார்கள்.

சம்பளம் பேச இடமே இல்லை என்றும் இல்லை. 1941 ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று ஒரு சபை இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கு எழுதப்படாத இடத்தில் எந்தச் சபையும் எதை வைத்துத் தீர்ப்பது? நீங்கள் ஓட்டும் ட்ரக்கில் மின்னணுப் பதிவுக் கருவி இருக்கிறது, ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்ட விடமாட்டார்கள். அங்கே நேரத்தை எண்ணுகிறார்கள், சம்பளத்துக்குத்தான் எண்ணவில்லை. இங்கே எதற்குமே எண்ணுவதில்லை.

ஆகவே எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சந்தை வாசலில் லொறிக்குத் துண்டு கொடுக்கும்போது, உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் அதில் எழுத வேண்டும். முதல் இரண்டு மணித்தியாலம் போகட்டும். அதற்குப் பிறகு நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சரக்கை எடுப்பவர் காசு கட்ட வேண்டும், அது றைவரின் கைக்குப் போக வேண்டும். மரக்கறி விலை கூடும் என்பார்கள். கொஞ்சம் கூடலாம். நான் வாங்குகிற ஒரு கிலோ பீற்றூட்டில் அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்க நான் தயார். லொறியைச் சீக்கிரம் விட்டால் கட்டத் தேவையில்லை என்று வியாபாரிகளும் கண்டுகொள்வார்கள்.

உங்கள் மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள். ஒரு சின்னக் கொப்பி வாங்கி டாஷ்போர்ட்டில் வைக்கட்டும். ஏற்றத் தொடங்கிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், இறக்கிய நேரம், மூன்றையும் மூன்று மாதம் எழுதட்டும். எங்கள் ஒழுங்கைக்காரர் போன திங்கட்கிழமை தொடங்கிவிட்டார். இரண்டு கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்கு நானும் கூடப் போகிறேன். முதலில் சேமலாப நிதியைக் கேட்போம். மச்சானின் தொலைபேசி எண்ணைத் தனியாக அனுப்புங்கள்.

அந்தக் கட்டுரையில் நீங்கள் காட்டிய வரியை இன்று எடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்துக்கு இணைப்பும் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணை