“பெண்களுக்கு நைட் ஷிப்ட் சட்டம் விடாது” என்று சூப்பர்வைசர் பதவியை மறுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் 9 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கிரஷர் பிரிவு சூப்பர்வைசர் லீவில் போகும்போதெல்லாம் நான்தான் பொறுப்பு. அந்த இடம் காலியானதும் விண்ணப்பித்தேன். நான் வேலை பழக்கிவிட்ட, 3 ஆண்டு சர்வீஸ் உள்ள ஓர் ஆணுக்குக் கொடுத்துவிட்டார்கள். “பெண்களை நைட் ஷிப்டில் போடச் சட்டம் விடாது, குவாரியும் சுரங்கம் மாதிரிதான்” என்று மேனேஜர் வாட்ஸ்அப்பில் எழுதினார். வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறது.

பதில்: சகோதரி, ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருந்தால் கொடுக்காதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மேனேஜர் காட்டுவது செத்துப்போன சட்டம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களில் பெண்களை இரவு 10 முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கத் தடை போட்டிருந்தது. தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் அனுமதி கொடுத்தால் அதுவும் தளரும். 35-ஆவது பிரிவு பெண்களைப் பூமிக்கடியில் வேலைக்கு இறக்கக் கூடாது என்றது. 34, 35, 36 மூன்றையும் 2022 திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது, 1.1.2023 முதல் அவை இல்லை. அதோடு உங்கள் குவாரி திறந்தவெளி. 35-ஆவது பிரிவு உயிரோடு இருந்த காலத்திலும் அங்கே அதற்கு வேலை இல்லை. கிந்தா பள்ளத்தாக்கு லம்பங்களில் (ஈயச் சுரங்கங்களில்) லைசென்ஸ் வாங்கி, டூலாங் தட்டோடு தண்ணீரில் நின்று ஈயம் அரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதவி என்று வரும்போதுதான் சிலருக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது.

பாகுபாடு கூடாது என்கிற கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவைக் காட்டி நேரே கோர்ட்டுக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். 2001-இல் அதில் பாலினமும் சேர்ந்தது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தனியார் முதலாளிக்கு எதிராகக் கேட்க முடியாது என்று 2005-இல் விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் வழி வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு. வேலையில் பாகுபாடு பற்றிய தகராறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம்; அதற்குப் பிறகும் மீறினால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் வரை. இந்தப் புகாருக்குச் சம்பள வரம்பு தடையில்லை. வழக்கறிஞரும் தேவையில்லை.

ஒரு பலவீனம் உண்டு. ‘பாகுபாடு’ என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. யாருக்குப் பதவி உயர்வு என்பது நிர்வாகத்தின் உரிமை என்றுதான் முதலாளி தொடங்குவார். அதனால் ஒப்பீடுதான் எல்லாம். ஒரு தாளில் உங்களையும் பதவி கிடைத்தவரையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள்: சர்வீஸ், சான்றிதழ், பொறுப்பு பார்த்த நாள்கள், கடைசி 3 ஆண்டு மதிப்பீடு. அவரைப் பற்றி உறுதியாகத் தெரியாததை ஊகித்து நிரப்பாதீர்கள். காலியாக விடுங்கள், விசாரணையில் கம்பெனி சொல்லட்டும். பொறுப்பு பார்த்த நாள்களைத் தேதியோடு போடுங்கள். ஷிப்ட் லாக் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும். அந்தப் புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். அதையே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாக்கிவிடுவார்கள். எந்தத் தேதிகளின் பக்கங்கள் வேண்டும் என்று இலாகா அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள், போதும்.

வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் துருப்புச்சீட்டு. நம்பரும் தேதியும் தெரிய, முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டிக் கொண்டுபோனால் ‘சூழ்நிலை வேறு’ என்பார்கள். போனையும் மாற்றாதீர்கள்.

பிறகு ஹெச்.ஆருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம். கோபம் வேண்டாம், இந்தக் கருத்து இருந்தால் போதும்: “அந்தப் பதவிக்கு வைத்த தகுதிகளையும் என்னைத் தேர்ந்தெடுக்காத காரணத்தையும் 14 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.” 14 நாள் சட்டம் வைத்த கெடு இல்லை, நீங்கள் வைப்பது. நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்து தொழிலாளர் இலாகாதான்.

பதிலில் காரணம் மாறலாம். “பாதுகாப்புக்காகத்தான், அங்கே பெண்களுக்குக் கழிவறை இல்லை, ராத்திரி வெளிச்சம் போதாது” என்பார்கள். மாறிய காரணமே உங்களுக்குச் சாதகம். மேலும் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பாதுகாப்பான வேலையிடத்தையும் போதிய வசதிகளையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. விளக்குப் போடாதது அவர் குறை.

புகாரில் என்ன கேட்பது? பதவி கிடைத்தவரிடமிருந்து அதைப் பிடுங்கித் தரச் சொன்னால் எதிர்ப்பு கூடும். சக தொழிலாளிகளும் சாட்சி சொல்லத் தயங்குவார்கள். தேர்வை ஒரே அளவுகோலில் மறுபடி நடத்தவும், ‘பெண்களுக்கு நைட் ஷிப்ட் இல்லை’ என்ற நடைமுறையை நீக்கவும் கேளுங்கள். பொறுப்பு பார்த்த நாள்களுக்கு அலவன்ஸ் உண்டு என்று உங்கள் வேலை ஒப்பந்தம் சொன்னால், அதைச் சம்பள பாக்கியாகத் தனியே கேட்கலாம்.

இப்போது ராஜினாமா. 69எஃப் என்பது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கானது. உள்ளே இருந்தபடி கேட்பதே பலம். வெளியே வந்தபின், விலகும்படி தள்ளிவிட்டார்கள் என்று வாதாட, முதலாளி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறினார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். பதவி உயர்வு ஒப்பந்தத்தில் உறுதி சொல்லப்படாவிட்டால், அது கிடைக்காததை மட்டும் வைத்து ஜெயிப்பது கடினம். அப்படியே போனாலும், வேலையை விட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு பதிவாகியிருக்க வேண்டும். 61-ஆவது நாள் போனால் வாங்க மாட்டார்கள்.