எழுதிக்கோ அண்ணாச்சி

அன்புள்ள சார்,

வடசென்னைப் பட்டாளம் பகுதி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நான் பிறந்தது அங்கேதான், 1991-ல். தாத்தா பின்னி மில்லில் வீவிங், அதாவது நெசவுப் பிரிவு. நான் ரெண்டாவது படிக்கும்போதே அம்பத்தூர் போய்விட்டோம். இப்போது நாவலூரில், பதினோராவது மாடி. எதிர் ஃப்ளாட்காரர் பெயர் தெரியாது, அவர் வீட்டு பார்சலை மட்டும் நாலைந்து தரம் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா எப்போதும் சொல்வார்: "அங்க ஒரு வீட்ல உலை வெச்சா தெருவே சாப்டும். சாதி மதம் பாக்காம ஒரு தாய் புள்ளையா இருந்தோம்." அந்த ஒற்றுமை எங்கே சார் போச்சு? சினிமாக்காரர்கள் வடசென்னை என்றால் கத்தியைத்தான் காட்டுகிறார்கள். நீங்களாவது அந்த ஒற்றுமையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். என் மகளுக்குப் படித்துக் காட்ட ஆசை.

எஸ்., நாவலூர்

அன்புள்ள எஸ்.,

அம்மாவுக்கு என் வணக்கம். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதே தெருவை நான் பார்த்தது கல்லாவுக்குப் பின்னாலிருந்து. அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பட்டாளத்தில் மளிகைக் கடை போட்டவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடன் நோட்டு எழுதுவது என் வேலை. நீங்கள் ஒற்றுமை என்று சொல்வது எனக்குக் கணக்காகத்தான் ஞாபகம் இருக்கிறது.

நீளவாட்டு நோட்டு. குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே ஆளின் பெயர் இருக்காது, மில்லில் பார்க்கும் வேலையோ வீட்டு அடையாளமோதான் இருக்கும். 'ரிங் ஃபிரேம்', 'வீவிங் பெரியவர்', 'பம்பு வீட்டு ஆயா', இப்படித்தான். ஒருவேளை அதில் ஒரு பக்கம் உங்கள் தாத்தாவாகக்கூட இருக்கலாம். இதே கணக்கு அவர்கள் வீட்டிலும் ஒரு சின்ன நோட்டில் ஏறும். விளக்கு வைக்கும் நேரத்தில் கையில் கிண்ணத்தோடு பிள்ளைகள் வரும். "அண்ணாச்சி, நூறு நல்லெண்ண, கால் கிலோ ரவ, ஒரு சொட்டு நீலம். அம்மா எழுதிக்க சொல்லுச்சு." எழுதிக்கொள்வோம். ஒரு வீட்டில் சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். "அவங்களுதையும் என் பேர்ல எழுதிக்கோ அண்ணாச்சி." அப்பா என்னைப் பார்ப்பார், நான் எழுதுவேன். நாலு மாதம் கழித்து இவர் வீட்டில் பிரசவம் என்றால் அவர் வந்து அதே வார்த்தையைச் சொல்வார்.

உலை வைத்தால் தெருவே சாப்பிட்டது இப்படித்தான். நல்ல மனசு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனசுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியது மில் சம்பளம். ஒரே சங்கு, ஒரே கேட், ஒரே தேதியில் கூலி. யார் கையில் என்றைக்குக் காசு புரளும் என்பது தெருவுக்கே தெரியும். கொடுத்தது திரும்பி வரும் என்ற தைரியத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வள்ளலாக இருக்க முடிந்தது. அதே தைரியத்தில்தான் வட்டிக்காரரும் சம்பளத்தன்று கேட் வாசலில் நிற்பார்.

கடைக்கும் மில்லுக்கும் அந்தப் பக்கம் பழைய உறவு. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதே, அதற்கு அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி.வாடியாவைத் தலைவராக அழைத்து வந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் மில் தொழிலாளிகள் இல்லை, அந்த வட்டாரத்துச் சின்ன வியாபாரிகள். சாப்பாட்டு இடைவேளையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டியிருக்கிறது என்பது அன்றைய முக்கியமான குறைகளில் ஒன்று. கடையில் நிற்கிறவன் காதில்தான் இதெல்லாம் முதலில் விழும். தொழிற்சங்க வரலாறு பேசுகிறவர்கள் திரு.வி.க.வின் பெயரைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். இந்த இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னால் குறைந்தா போவார்கள்?

அம்மாவின் அடுத்த பேச்சுக்கு வருகிறேன். சாதி பார்க்கவில்லை என்பது. இதை உங்கள் மகளுக்கு அப்படியே சொல்லிவிடாதீர்கள். 1921-ல் பின்னியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மாதக்கணக்காக நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதி திராவிடர்கள் அதிகம் இருந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. சங்கம் ஒரு பக்கமும் ஆதி திராவிடத் தலைவர் எம்.சி.ராஜா ஒரு பக்கமுமாக நிற்கவேண்டி வந்தது. ஒரே மில், ஒரே கூலி, ஆனாலும் தெரு வேறு. எழுபது வருஷம் கழித்தும் அது முழுசாக ஆறவில்லை என்பதை எங்கள் கடன் நோட்டே காட்டும். புளியந்தோப்புப் பக்கத்து வீடுகளுக்கு அப்பா வைத்திருந்த கடன் வரம்பு, மற்ற வீடுகளுக்கு வைத்ததில் பாதிதான். பாக்கி வைக்காமல் கொடுத்தவர்கள் அவர்கள்தான் அதிகம், எழுதியவன் என்பதால் எனக்குத் தெரியும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வியாபாரம்னா உனக்கென்னல தெரியும்" என்றார். அதோடு முடிந்தது.

தண்ணி லாரி வரும் அன்றைக்கு ஒரு தாய் பிள்ளைகள் குடத்தால் அடித்துக்கொண்டதை எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வார். விட்டுவிடுகிறேன்.

மில் 1996-ல் மூடியது. நான் அப்போது ப்ளஸ் ஒன். உங்கள் குடும்பம் ஏன் அம்பத்தூர் போனது என்று கேட்டிருக்கிறீர்களா? அந்த நோட்டைப் பார்த்திருந்தால் கேட்காமலே புரியும். முதலில் நல்லெண்ணெய் நின்றது. பிறகு பருப்பு கிலோவிலிருந்து காலுக்கு வந்தது. ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய் எல்லாம் ஒரு ரூபாய் பாக்கெட்டாகத் தோரணத்தில் தொங்கின. அப்பா அதுவரை பாக்கெட் சாமான் அதிகம் வாங்கிப் போட்டதில்லை. பிறகு, இதுதான் எனக்கு மறக்காதது, "அவங்களுதையும் என் பேர்ல எழுதிக்கோ" என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. யாருக்கும் மனசு கெட்டுப் போகவில்லை. இவர் பெயரிலேயே எழுத இடமில்லாதபோது அடுத்தவரை எங்கே எழுதச் சொல்வது? பாக்கி வைத்திருந்தவர்கள் எங்கள் கடை வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள். ஹார்பரில் மூட்டை, ஆட்டோ, வாட்ச்மேன் வேலை என்று ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு சம்பள நாள். ஒற்றுமை எங்கே போச்சு என்று கேட்டீர்கள். அது போன வழி இதுதான் என்பது என் எண்ணம். டிவியும் செல்போனும் கெடுத்தன என்று சொல்கிறவர்கள் அந்த வருஷங்களில் அங்கே இல்லாதவர்கள்.

சினிமாவைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரி. மூடின மில்லுக்குள்ளேயே எத்தனையோ சண்டைக்காட்சிகள் எடுத்தார்கள். தறி ஓடின இடத்தில் கத்தியைப் பார்த்த ஜனங்களுக்குத் தறி எப்படி ஞாபகம் வரும்? இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி.

மகளுக்குச் சொல்ல நல்லதாக ஏதாவது வேண்டுமென்றால் கேரம் இருக்கிறது. மில் மூடிய பிறகு தெருமுனை போர்டுகளில் கூட்டம் காலையிலேயே கூடிவிடும். எங்கள் கடையில் மளிகை குறைந்த வருஷத்தில், கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் வியாபாரம் ஏறியது. வேலையில்லாத கூட்டம் என்று அப்பா திட்டுவார், ஆனால் பவுடரைக் கடனுக்குக் கொடுப்பார். அந்த மாதிரி போர்டுகளைச் சுற்றி நின்ற ஊரிலிருந்துதான், புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். மகளுக்கு அவர் ஆடும் வீடியோவைக் காட்டுங்கள்.

இன்னொன்று. ஆண்களின் கணக்கு எங்கள் நோட்டில் இருந்தது, பெண்களின் கணக்கு சீட்டில். மில் நின்ற பிறகும் இரண்டு மூன்று வருஷம் தெருவைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சீட்டுதான். எங்கள் நோட்டில் திடீரென்று ஒரு பக்கத்துப் பழைய பாக்கி முழுசாகத் தீர்ந்தால், அந்த வீட்டு அம்மா சீட்டு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதைப் பற்றி எழுத எனக்கு விஷயம் போதாது, கல்லாவுக்குப் பின்னாலிருந்து அது தெரியாது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அவர் தெருவில் சீட்டுப் பிடித்தது யார், அம்மா எடுத்த சீட்டுப் பணம் எதற்குப் போனது, மில் மூடியபோது கட்ட முடியாதவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் பேசுகிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.