புரதத்தின் வடிவம் மாறினால் ஒளிச்சேர்க்கை ஏன் மாற வேண்டும்?

வெளிச்சத்தைப் பிடிப்பது பச்சையம்தானே, பசுங்கணிகத்தில் புரதத்தின் அமைப்பு எப்படி இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆய்வகத்தில் இலையை அசிட்டோனில் அரைத்து, வடிகட்டி, அந்தப் பச்சைச் சாற்றின் மேல் புற ஊதா விளக்கை அடித்தோம். சாறு ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது! அதே பச்சையம் இலைக்குள் இருக்கும்போது இப்படி ஒளிர்வதில்லை, ஒளிர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஏனென்றால் இலைக்குள் ஒவ்வொரு பச்சைய மூலக்கூறையும் புரதம் குறிப்பிட்ட இடைவெளியில், குறிப்பிட்ட கோணத்தில் பிடித்து நிறுத்தியிருக்கிறது, அதனால் வாங்கிய ஆற்றல் கைமாறிக் கைமாறி, அதை வைத்து எலக்ட்ரானைக் கிளப்பிவிடும் வினை மையத்துக்குப் போய்விடுகிறது. சாற்றில் அந்தப் பிடி இல்லை. வாங்கியதில் ஒரு பங்கு வெளிச்சமாகவும் மீதி வெப்பமாகவும் வீணாகிறது.

சரி, வடிவத்தில் எவ்வளவு மாறினால் வித்தியாசம் தெரியும்? ஒரே ஒரு அமினோ அமிலம் போதும்.

வெளிச்சத்தின் ஆற்றலால் நீரிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் புரதக் கூட்டம் ஒன்று உண்டு, பெயர் இரண்டாம் ஒளித்தொகுப்பு. அதில் டி1 என்று ஒரு புரதம். அந்த டி1-இல் ஒரு சின்னக் குழி. எலக்ட்ரான்களைச் சுமந்துபோகும் பிளாஸ்டோகுவினோன் என்ற சிறு மூலக்கூறு அங்கே வந்து உட்கார்ந்து, இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும், காலியான இடத்துக்கு அடுத்தது வரும். அட்ரசின் என்ற களைக்கொல்லி செய்வதெல்லாம் அந்தக் குழியில் போய் அடைத்துக்கொண்டு உட்காருவதுதான். எலக்ட்ரான் போக வழியில்லாமல் செடி செத்துப்போகும். ஆனால் அட்ரசின் அடித்தும் சாகாத களைகள் வந்தன. அப்படி ஒரு அமராந்தஸ் களையை ஆராய்ந்து ஹிர்ஷ்பெர்க்கும் மெக்கின்டோஷும் 1983-இல் காரணத்தைச் சொன்னார்கள்: டி1-இல் 264-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின். செரினிடம் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒரு கை இருக்கிறது, கிளைசினிடம் அது கிடையாது, அதனால் அட்ரசினால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். பிளாஸ்டோகுவினோனும் அதே செரினைத்தான் நம்பியிருந்தது! களை உயிர் பிழைத்தது, ஆனால் எலக்ட்ரான் கைமாறும் வேகம் குறைந்துவிட்டது. மருந்தே அடிக்காத நிலத்தில் இந்தச் செடிகள் பெரும்பாலும் மற்றவற்றைவிடப் பின்தங்கியே வளர்கின்றன.

காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரை ஆக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ருபிஸ்கோ என்ற நொதியை எல்லாரும் திட்டுவார்கள், நொடிக்கு மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுதான் பிடிக்கும், அதுவும் போதாதென்று ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்று. இரண்டுமே சின்ன, மின்னூட்டமில்லாத மூலக்கூறுகள், பிரித்தறிய ருபிஸ்கோவின் குழிக்கு அதிகம் பிடிமானம் கிடைப்பதில்லை என்பதால் நான் கொஞ்சம் பரிதாபப்படுவேன்.

ஏடிபி சிந்தேஸ் என்பது புரோட்டான்கள் பாயும்போது சுழன்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்யும் புரத இயந்திரம். ஒரு ஏடிபிக்கு எத்தனை புரோட்டான் என்ற விலையையே அங்கே வடிவம்தான் நிர்ணயிக்கிறது. பசலைக்கீரைப் பசுங்கணிகத்தில் அதன் சுழலும் வளையத்துக்கு 14 துண்டுகள், ஆகவே ஒரு சுற்றுக்கு 14 புரோட்டான், கிடைப்பது 3 ஏடிபி. மாட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் அதே வளையத்துக்கு 8 துண்டுகளே. பசுங்கணிகத்தில் உள்ளதற்கு ஒரு பூட்டும் உண்டு: நடுத்தண்டில் இருக்கும் சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் இருட்டில் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், இயந்திரம் பின்பக்கமாகச் சுற்றி இருக்கிற ஏடிபியைத் தின்றுவிடாமல் அது தடுக்கும். வெளிச்சம் வந்ததும் தையோரெடாக்சின் என்ற சிறு புரதம் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும்.