ஆய்வுக் கட்டுரையை இலவசமாகத் திறந்துவிட்டால் கண்டுபிடிப்பின் உரிமை போய்விடுமா?

கேள்வி இதுதான்: ஆய்வுக் கட்டுரையைத் திறந்தநிலை இதழில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டால், அதிலுள்ள கண்டுபிடிப்பின் மீதான அறிவுசார் சொத்துரிமை பறிபோய்விடாதா?

போகலாம். ஆனால் சந்தா கட்டினால்தான் படிக்க முடியும் என்கிற இதழில் வெளியிட்டாலும் அதேபோலத்தான் போகும். கட்டணச் சுவர் கண்டுபிடிப்பைக் காப்பதே இல்லை. அது காப்பது பதிப்பகத்தின் வருமானத்தை.

குழப்பத்தில் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது. காப்பிரைட்டுக்கும் காப்புரிமை என்கிறோம், பேட்டன்ட்டுக்கும் காப்புரிமை என்கிறோம். இங்கே காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் பேட்டன்ட்டைக் காப்புரிமை என்றும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு பூட்டுகள்.

பதிப்புரிமை உங்கள் வாக்கியங்களுக்கும் படங்களுக்கும் மட்டும். எழுதி முடித்ததும் அது தானாகவே உங்களுடையது. கட்டுரையில் சொன்ன முறையை, சமன்பாட்டை, கண்டறிந்த உண்மையை அது காப்பதில்லை. படித்த எவரும் அதைத் தன் ஆய்வகத்தில் செய்துபார்க்கலாம். இந்தப் பதிப்புரிமையைத்தான் நாம் பத்து பைசா வாங்காமல் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம்.

நானும் கொடுத்தேன். முதல் கட்டுரை ஏற்கப்பட்ட சந்தோஷத்தில், கூடவே வந்த பதிப்புரிமை மாற்றப் படிவத்தைப் படிக்கவே இல்லை. கடைசிப் பெட்டியில் டிக் அடித்து அனுப்பிவிட்டேன். சில வருடம் கழித்து ஒரு நூலுக்கு அத்தியாயம் எழுதும்போது அந்தக் கட்டுரையின் மூன்றாவது படம் தேவைப்பட்டது. நானே வரைந்த படம். வரைபடத்தின் x, y அச்சுகளில் எழுத்து சரியான அளவில் தெரிய வேண்டும் என்று ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியது. அதை மறுபடி அச்சிட, பதிப்பகத்தின் இணையப் படிவத்தில் நான் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. எத்தனை பிரதி, எந்த மொழி, படத்தில் மாற்றம் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, நீங்கள்தான் கட்டுரை ஆசிரியரா என்றது. ஆம் என்றதும் கட்டணம் பூஜ்யம் என்று வந்தது. பணம் போகவில்லை, மானம்தான் கொஞ்சம் போனது.

சரி, காப்புரிமைக்கு வருவோம். இது தானாக வராது. விண்ணப்பித்து வாங்க வேண்டும், விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 வருடம் செல்லும். முதல் நிபந்தனை, விண்ணப்பிக்கும் நாளில் அது உலகத்துக்குப் புதிதாக இருக்க வேண்டும். நீங்களே வெளியே சொல்லிவிட்டிருந்தாலும் அது பழசுதான். இதழ்க் கட்டுரை மட்டுமில்லை, இதழுக்குப் போகும் முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் முன்பதிப்புத் தளத்தில் ஏற்றிய கோப்பு, மாநாட்டில் ஒட்டிய போஸ்டர், நூலகத்தில் வைத்த ஆய்வேடு எல்லாமே கணக்கில் வரும். அமெரிக்காவில் ஒரு வருடம் சலுகைக் காலம் உண்டு, அதாவது நீங்களே வெளியிட்டதிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். உங்கள் சொந்தக் கட்டுரைக்கு அப்படி ஒரு சலுகை ஐரோப்பாவில் கிடையாது.

இதற்கு ஸ்டான்லி கோயன், ஹெர்பர்ட் பாயர் என்கிற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளின் கதையை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. டிஎன்ஏவை வெட்டி ஒட்டி பாக்டீரியாவுக்குள் பெருக்கும் முறையை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். காப்புரிமை என்கிற நினைப்பே அப்போது இல்லை. பிற்பாடு கோயன் வேலை பார்த்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உரிமங்களைக் கவனித்த நீல்ஸ் ரைமர்ஸ் என்பவர் பிடிவாதமாக நின்று, ஒரு வருடக் கெடு முடியும் தறுவாயில், 1974 நவம்பர் 4 அன்று விண்ணப்பத்தைப் போட வைத்தார். அமெரிக்காவில் கிடைத்தது, 1997இல் காலாவதியாகும் வரை சுமார் 25 கோடி டாலர் வந்தது. மற்ற நாடுகளில் கேட்கவே வழியில்லை, கட்டுரை ஏற்கெனவே வெளியாகிவிட்டதே. அது இலவச இதழா சந்தா இதழா என்று எந்தக் காப்புரிமை அலுவலகமும் கேட்காது.

ஆக, வரிசைதான் முக்கியம். முதலில் விண்ணப்பம், மறுநாளே கட்டுரை. விண்ணப்பம் உள்ளே போன பிறகு திறந்தநிலையில் தாராளமாக வெளியிடலாம். அதற்கு வழக்கமாகப் போடும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தைப் படித்துப் பாருங்கள்: பெயர் குறிப்பிட்டால் யாரும் கட்டுரையை மறுபடி பயன்படுத்தலாம் என்கிறது, ஆனால் காப்புரிமை இந்த உரிமத்தில் அடங்காது என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. அப்புறம் இன்னொன்று, காப்புரிமை கிடைத்தாலும் அது பெரும்பாலும் நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் காப்புரிமை எடுக்கத்தான் வேண்டுமா என்றால், என் அபிப்பிராயத்தில் வேண்டியதில்லை. கோலர், மில்ஸ்டைன் என்கிற இரண்டு விஞ்ஞானிகள் 1975இல் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் (ஒரே இலக்கில் ஒட்டும் ஒரே வகை எதிர்ப்பொருள்) தயாரிக்கும் முறையைக் காப்புரிமை இல்லாமலே வெளியிட்டார்கள். உலகெங்கும் ஆய்வகங்கள் எடுத்துப் பயன்படுத்தின. 1984இல் நோபல் பரிசும் வந்தது. மனித மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தியவர்கள் 1996இல் பெர்முடாவில் கூடி, கிடைத்த வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் போடுவது என்று முடிவெடுத்தார்கள். தாராள மனசு மட்டுமில்லை, கெட்டிக்காரத்தனமும் அதில் இருந்தது. பொதுவில் வந்துவிட்ட ஒன்றைப் புதிது என்று சொல்லி வேறொருவர் வளைத்துப் போடுவது கஷ்டம்.

திறந்தநிலையில் எனக்கு உறுத்துவது வேறு. படிப்பவரிடம் வாங்கிய காசை இப்போது எழுதுபவரிடம் வாங்குகிறார்கள். நேச்சர் இதழ் 2021இல் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று வைத்தது. பல ஆய்வுக் குழுக்களுக்கு அது ஒரு வருடத்து ரசாயனச் செலவு. வாசலை அகலமாகத் திறந்துவிட்டு, சமையலறைக்கு டிக்கெட் போட்ட மாதிரி.

ஆனால் காசு கொடுத்துத்தான் திறக்க வேண்டும் என்பதில்லை. சக ஆய்வாளர்களின் மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் இதழின் பக்க வடிவமைப்புக்கு இன்னும் போகாத உங்கள் வேர்ட் கோப்பை உங்கள் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் போட நிறைய இதழ்கள் அனுமதிக்கின்றன. சில ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கச் சொல்லும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதி கொடுத்த ஆய்வுக்கு, 2025 ஜூலை 1 முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை.

அதனால் படிவம் வந்தால் இரண்டு இடத்தைத் தேடிப் பாருங்கள்: பதிப்புரிமையை மொத்தமாக மாற்றிக் கொடுக்கிறீர்களா, வெளியிடும் உரிமத்தை மட்டும் கொடுக்கிறீர்களா என்பது ஒன்று, ஏற்கப்பட்ட பிரதியை எங்கே, எப்போது போடலாம் என்பது இன்னொன்று. உங்கள் கண்டுபிடிப்பில் காப்புரிமைக்கு வாய்ப்பு இருப்பதாகத் தோன்றினால், போஸ்டரை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே நிறுவனத்தில் அதைக் கவனிப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.